குக்கீ வந்த வரலாறு

இணையத்தில் ஒரு செய்தித்தாளையோ ஒரு கடையையோ திறக்கும்போது, செய்திக்கும் சரக்குக்கும் முன்னதாக ஓர் அறிவிப்பு வந்து நம் கண்ணை மறிப்பதை நேயர்களுள் பலர் கண்டிருக்கக்கூடும். 'இத்தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது. இசைவாயின் ஏற்கிறேன் என்பதை அழுத்துக' என்பதே அதன் சாரம். படிக்க வந்தவருக்கு அதற்கெல்லாம் பொறுமை ஏது? அழுத்திவிட்டு அப்பால் செல்கிறார். எதை ஏற்றோம், யாருக்கு இசைந்தோம், அதனால் நமக்கு வரவு என்ன, செலவு என்ன என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

குக்கீ என்ற சொல் ஆங்கிலத்தில் ஒருவகைத் தின்பண்டத்தைக் குறிப்பது. நாம் இங்கே பேசப் புகும் குக்கீயோ உண்ணும் பொருளன்று. நம்மை அடையாளம் காட்டும் பொருள். அதன் வரலாறு முப்பது ஆண்டுகளைச் சற்றே கடந்த குறுகிய வரலாறு. அதில் படையெடுப்பு இல்லை. முடிசூட்டு விழாவும் இல்லை. ஆயினும், ஒரு சிறு வசதிக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு எவ்வாறு மனிதரைப் பின்தொடரும் பெருந்தொழிலாக வளர்ந்தது, அதைத் தடுக்க முயன்றவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்பதை அவ்வரலாறு தெளிவாக எடுத்துக் காட்டுகிறது.

உலகளாவிய வலை என்று நாம் இன்று வழங்கும் அமைப்பை வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் அணு ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய அவர், 1989-ஆம் ஆண்டில் அதற்கான முதல் திட்டத்தை எழுதினார். அறிவியலாளர்கள் தங்கள் கட்டுரைகளையும் ஆய்வுக் குறிப்புகளையும் ஒருவருக்கொருவர் எளிதாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். ஆதலின் அதன் நடைமுறையும் மிக எளிமையாக அமைந்தது. படிப்பவருடைய கணினியில் உள்ள உலாவி, 'இன்ன பக்கம் வேண்டும்' என்று கேட்கும். அப்பக்கத்தை வைத்திருக்கும் சேவையகம் அதை எடுத்துக் கொடுக்கும். கொடுத்ததுமே கேட்டவர் யார் என்பதை மறந்துவிடும். அதே மனிதர் அடுத்த நொடியில் வேறொரு பக்கம் கேட்டாலும், சேவையகத்துக்கு அவர் புதியவரே.

இந்த மறதி ஒரு குறையன்று. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை இல்லாததனாலேயே ஒரு சேவையகம் ஆயிரக்கணக்கானோருக்குத் தடையின்றிப் பக்கங்களை வழங்க முடிந்தது. படிப்பவருக்கும் அது ஒரு காப்பாக விளங்கியது. நூலகத்தில் ஒருவர் எந்த நூலை எடுத்துப் புரட்டினார், எந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றார் என்பதையெல்லாம் எவரும் குறித்து வைப்பதில்லை அல்லவா? தொடக்கக் காலத்து வலையும் ஏறக்குறைய அத்தகைய நூலகமாகவே இருந்தது.

ஆனால் நூலகத்துக்குப் போதுமான மறதி கடைக்குப் போதாது. ஒருவர் ஒரு சட்டையைத் தெரிந்தெடுத்துக் கூடையில் இடுகிறார்; பின்னர் ஒரு வேட்டியைப் பார்க்கச் செல்கிறார். வேட்டியின் பக்கத்தைத் திறந்த அளவிலேயே கடைக்காரர் சட்டையை மறந்துவிட்டால் வாணிகம் எவ்வாறு நடக்கும்? வலையில் கடை திறக்க விரும்பியவர்கள் எதிர்கொண்ட முதற் சிக்கல் இதுவே.

1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெட்ஸ்கேப் என்ற நிறுவனம் புதிய உலாவி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. எம்.சி.ஐ. என்னும் தொலைபேசி நிறுவனத்துக்காக வலையில் ஒரு விற்பனை ஏற்பாடு செய்து தரும் பணியும் அதனிடம் இருந்தது. வாங்குவோர் பாதியில் விட்டுச் செல்லும் கணக்குகளையெல்லாம் தன் கணினிகளில் சேர்த்து வைக்க எம்.சி.ஐ. விரும்பவில்லை. அப்படியாயின் அவற்றை வேறெங்கு வைப்பது? நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய லூ மான்டூலி என்ற இளம் பொறியாளர் இதற்கு ஒரு விடை கண்டார். நினைவைக் கடைக்காரரிடம் வைப்பதற்கு மாறாக, வாங்குவோருடைய கணினியிலேயே ஒரு சிறு சீட்டாக வைத்துவிடலாம் என்பதே அவ்விடை. ஜான் ஜியான்னான்ட்ரியா என்ற மற்றொரு பொறியாளருடன் சேர்ந்து அதற்கான முதல் விதிமுறையை அவர் எழுதினார். ஒரு நிரல் மற்றொன்றிடம் கொடுத்துத் திரும்பப் பெறும் சிறு அடையாளத்தைக் கணினி வல்லுநர்கள் முன்னரே 'மாயக் குக்கீ' என்று விளையாட்டாக வழங்கி வந்தனர். அப்பெயரே இதற்கும் நிலைத்தது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் முன்னோட்டப் பதிப்பிலேயே குக்கீ இடம்பெற்றுவிட்டது.

இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதைவிட எளிதான வழி ஒன்றும் மான்டூலியின் முன் இருந்தது. ஒவ்வோர் உலாவிக்கும் நிலையான ஓர் எண்ணைக் கொடுத்து, அது செல்லும் இடமெல்லாம் அந்த எண்ணைக் காட்டும்படி செய்துவிட்டால் போதும். ஆனால் அவ்வாறு செய்தால் எல்லாத் தளங்களும் ஒன்றுகூடி ஒரு மனிதரைப் பின்தொடர முடியும் என்று அவர் அஞ்சினார். ஆதலால் ஒரு தளம் கொடுத்த சீட்டை அந்தத் தளத்திடம் மட்டுமே காட்ட வேண்டும் என்று வரையறுத்தார். பின்னாளில் பெரும் பழிக்கு உள்ளான குக்கீ, பிறக்கும்போது அந்தரங்கத்தைக் காக்கும் எண்ணத்தோடுதான் பிறந்தது.

அது வேலை செய்யும் முறையை நம் வீட்டு வழக்கம் ஒன்றைக் கொண்டு எளிதாக விளக்கலாம். துணி வெளுப்பவர் துணியின் ஓரத்தில் அழியாத மையால் ஒரு குறி இடுவார். அக்குறியில் நம் பெயர் இராது, முகவரியும் இராது. உடுத்துபவருக்கு அது வெறும் புள்ளியும் கோடுமே. ஆனால் வெளுப்பவர் அதைப் பார்த்த மாத்திரத்தில், இன்ன வீட்டுத் துணி என்று அறிந்துகொள்வார். குக்கீயும் அத்தகையதே. நாம் முதன்முறை ஒரு தளத்துக்குள் செல்லும்போது, சேவையகம் பக்கத்தை அனுப்புவதோடு, தலைப்புப் பகுதியில் ஒரு வரியையும் சேர்த்து அனுப்புகிறது. 'இந்த எண்ணை வைத்துக்கொள். மீண்டும் வரும்போது காட்டு' என்பது அவ்வரியின் பொருள். உலாவி அதைப் பதிந்துகொள்கிறது. அதன்பின் அதே தளத்தில் நாம் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், கேட்கும்போதே அந்த எண்ணையும் உடன் காட்டுகிறது. சேவையகம் தன் ஏட்டைப் புரட்டி, 'ஓ, சட்டையைக் கூடையில் இட்டவர்' என்று அறிந்துகொள்கிறது.

குக்கீ என்பது ஒரு நிரலன்று. வெறும் எழுத்து வரி. அது தானே இயங்காது. நம் கணினியில் உள்ள கடிதங்களையோ படங்களையோ திறந்து பார்க்க அதனால் இயலாது. ஒரு குக்கீ ஏறத்தாழ 4,096 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். சில குக்கீகள் உலாவியை மூடியவுடன் மறையும். சிலவற்றுக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் ஆயுள் குறிக்கப்பட்டிருக்கும். வங்கித் தளத்திலோ மின்னஞ்சலிலோ கடவுச்சொல் கொடுத்து ஒருமுறை நுழைந்த பின், பக்கந்தோறும் அதைக் கேளாமல் நம்மை விடுவதும் குக்கீயின் உதவியே. அதனாலேயே அது களவாடப்படாமல் காக்க வேண்டிய பொருளும் ஆயிற்று. 2010-ஆம் ஆண்டில் ஃபயர்ஷீப் என்ற சிறு மென்பொருள் ஒன்று வெளிவந்தது. பூட்டில்லாத பொதுக் கம்பியில்லா இணைப்பில் அமர்ந்திருப்போரின் குக்கீயைப் பற்றிக்கொண்டு, அவர் பெயரிலேயே அவர் கணக்கினுள் நுழைய முடியும் என்பதை அது வெட்ட வெளிச்சமாக்கியது. பெரிய தளங்கள் தம் பக்கங்கள் முழுவதையும் மறையீட்டில் அனுப்பும் வழக்கத்துக்கு விரைந்து மாறியதற்கு அதுவும் ஒரு தூண்டுதல்.

இனி, இந்த நல்ல ஏற்பாட்டில் எங்கே விரிசல் விழுந்தது என்று காண்போம். ஒரு தளம் தந்த சீட்டை அத்தளமே காண முடியும் என்பது விதி. ஆனால் நாம் ஒரே பக்கம் என்று கருதுவது உண்மையில் பல இடங்களிலிருந்து வந்து சேர்ந்த துண்டுகளின் தொகுப்பு. எழுத்து ஒரு சேவையகத்திலிருந்தும், படம் மற்றொன்றிலிருந்தும், விளம்பரம் மூன்றாவது ஒன்றிலிருந்தும் வரலாம். விளம்பரத்தைக் கேட்டு உலாவி அந்த மூன்றாவது சேவையகத்தை நாடும்போது, அதுவும் தன் பங்குக்கு ஒரு குக்கீயைக் கொடுத்துவிடலாம். நாம் அந்த விளம்பர நிறுவனத்தின் வாயிலை மிதித்ததே இல்லை. அதன் பெயரையும் கேட்டதில்லை. ஆயினும் அதன் சீட்டு நம் கணினியில் இருக்கிறது. இதற்கே மூன்றாம் தரப்புக் குக்கீ என்று பெயர்.

இதன் விளைவு என்ன? ஒருவர் காலையில் செய்தித்தாளைப் படிக்கிறார். நண்பகலில் நீரிழிவு நோயைப் பற்றி விவரம் தேடுகிறார். மாலையில் நகைக் கடனுக்கு வட்டி என்ன என்று பார்க்கிறார். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தளங்கள். ஆனால் மூன்றிலும் விளம்பரம் இடுவது ஒரே நிறுவனமாயின், மூன்று இடத்திலும் ஒரே எண் அதனிடம் காட்டப்படுகிறது. எந்தப் பக்கத்திலிருந்து கேட்கப்படுகிறது என்பதையும் உலாவியே தெரிவிப்பது வழக்கம். ஆகவே, இந்த எண்ணுக்குரியவர் இன்ன செய்தி படிப்பவர், நோயைப் பற்றிய கவலை உடையவர், பணமுடையில் இருப்பவர் என்று அந்நிறுவனத்தின் ஏட்டில் ஒரு வாழ்க்கைக் குறிப்பே உருவாகிவிடுகிறது. மருத்துவரிடம் தனியறையில் சொல்வதையும், அடகுக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்பதையும், இருவரையும் அறியாத மூன்றாமவர் ஒருவர் ஒரே ஏட்டில் எழுதி வைப்பது போன்றது இது.

சலவைக் குறியின் கதையிலும் இப்படி ஒரு திருப்பம் உண்டு. வெளுப்பவர் தம் வசதிக்காக இட்ட குறியைக் கொண்டே, துணிக்கு உரியவரைக் காவல் துறையினர் துப்புத் துலக்கிக் கண்டறிவது உண்டு. இட்டவர் கருதாத பயன் அக்குறிக்குப் பின்னர் வந்து சேர்ந்தது. குக்கீக்கும் அவ்வாறே நேர்ந்தது. ஆனால் சலவைக் குறியை எப்போதோ ஒருமுறை ஒரு வழக்குக்காகத்தான் ஆராய்வார்கள். குக்கீயையோ எல்லோரிடத்தும் எக்கணமும் ஆராய்கிறார்கள்.

தொடக்கத்தில் குக்கீ இருப்பதே பொதுமக்களுக்குத் தெரியாது. உலாவி அதை ஓசையின்றிப் பெற்று, ஓசையின்றிக் கொடுத்து வந்தது. 1996 பிப்ரவரியில் இலண்டன் பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் இதைப் பற்றி எழுதிய பின்னரே செய்தி பரவியது. அமெரிக்காவின் கூட்டரசு வாணிக ஆணையம் 1996-லும் 1997-லும் இது குறித்து விசாரணைக் கூட்டங்கள் நடத்தியது. இணைய நெறிமுறைகளை வகுக்கும் வல்லுநர் குழுவிலும் ஆய்வு நடந்தது. டேவிட் கிரிஸ்டல் என்பவரும் மான்டூலியும் சேர்ந்து எழுதிய நெறிமுறை 1997 பிப்ரவரியில் வெளியாயிற்று. பயனாளர் வெளிப்படையாக இசைந்தாலன்றி மூன்றாம் தரப்புக் குக்கீகளை உலாவிகள் ஏற்கலாகாது என்ற கருத்து அதில் தெளிவாக இடம்பெற்றது.

எழுத்தில் இருந்த அந்த விதி நடைமுறைக்கு வரவில்லை. அந்நாளில் பெருவழக்கில் இருந்த உலாவிகள் இரண்டே: நெட்ஸ்கேப்புடையது ஒன்று, மைக்ரோசாஃப்டுடையது ஒன்று. இரண்டும் அதைப் பின்பற்றவில்லை. விளம்பர வருவாயை நம்பி இலவசமாகச் செய்தி வழங்கத் தொடங்கியிருந்த தளங்கள், அவ்வருவாய் வற்றிவிடும் என்று அஞ்சின. மான்டூலி இது குறித்துப் பின்னர் எழுதியபோது தம் தரப்பு நியாயத்தைக் கூறியிருக்கிறார். மூன்றாம் தரப்புக் குக்கீயை அடியோடு தடுத்தால், விளம்பரக்காரர்கள் கண்ணுக்குப் புலனாகாத வேறு வழிகளை நாடுவார்கள். கண்ணுக்குத் தெரிவதும், பயனாளர் அழிக்கக்கூடியதுமான குக்கீயே மேல் என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை; அதைப் பின்னர்க் காண்போம். ஆனால் ஒன்றைக் குறிக்க வேண்டும். 'வேண்டுவோர் தடுத்துக்கொள்ளலாம்' என்பதற்கும், 'வேண்டுவோர் மட்டும் அனுமதிக்கலாம்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. பெரும்பாலோர் எந்த ஏற்பாட்டையும் மாற்றுவதில்லை. கைக்கு வந்தபடியே பயன்படுத்துகின்றனர். ஆகவே தொடக்க ஏற்பாட்டைத் தீர்மானிப்பவரே எல்லோருக்கும் சேர்த்துத் தீர்மானித்தவராகிறார்.

அடுத்து வந்த நிகழ்ச்சி மக்களை உலுக்கியது. நியூயார்க்கில் இயங்கிய டபிள்கிளிக் என்னும் விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களில் விளம்பரம் இட்டு வந்தது. அதன் ஏடுகளில் எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. 1999-ஆம் ஆண்டில் அது அபாகஸ் டைரக்ட் என்ற மற்றொரு நிறுவனத்தை வாங்கியது. அபாகஸிடம் இருந்தவையோ, அஞ்சல் வழியாகப் பொருள் வாங்கிய கோடிக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களின் பெயரும் முகவரியும். எண் ஓர் ஏட்டில், பெயர் மற்றோர் ஏட்டில். இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன. இரண்டையும் இணைக்கத் திட்டமிருப்பது தெரிந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது, வழக்குகள் தொடுக்கப்பட்டன, வாணிக ஆணையமும் விசாரிக்க முற்பட்டது. 2000 மார்ச்சில் நிறுவனத்தின் தலைவர் அத்திட்டம் தவறு என்று ஒப்புக்கொண்டு அதை நிறுத்தி வைத்தார். 'வெறும் எண்தானே, பெயர் இல்லையே' என்ற ஆறுதல் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை உலகம் அப்போது அறிந்தது. பின்னர் அந்த டபிள்கிளிக்கையே கூகுள் நிறுவனம் 310 கோடி டாலருக்கு வாங்க 2007-இல் உடன்பட்டு, 2008-இல் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

சட்டத்தின் வழியே இதை நெறிப்படுத்த முதலில் முனைந்து நின்றது ஐரோப்பா. 2002-ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பித்த நெறியுரை, குக்கீயைப் பற்றிப் பயனாளருக்குத் தெரிவித்து, மறுக்கும் வாய்ப்பும் தரவேண்டும் என்றது. 2009-இல் அது திருத்தப்பட்டு, முன்கூட்டியே இசைவு பெற வேண்டும் என்றாயிற்று. கூடையை நினைவில் கொள்வது போன்ற இன்றியமையாத பணிக்கு மட்டும் விலக்கு உண்டு. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவுக்குக் கடுமையான இலக்கணம் வகுத்தது. 2019 அக்டோபரில் ஒன்றியத்தின் நீதிமன்றம், முன்னதாகவே குறியிட்டு வைத்த கட்டத்தைப் பயனாளர் நீக்காமல் விட்டதை இசைவாகக் கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழைய வழக்கு இங்கே செல்லாதென்று அந்நீதிமன்றம் கூறியதாகவே நாம் கொள்ளலாம்.

அறிவிப்புப் பலகைகள் நம் திரையை நிறைக்கத் தொடங்கியது இவ்வாறுதான். ஆனால் சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரைப் போக்கும் கலையில் வணிகர்கள் தேர்ந்தவர்கள். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்பதைப் பெரிய எழுத்தில் ஒளிரவிட்டு, மறுக்கும் வழியை மூன்று கதவுகளுக்கு அப்பால் வைத்தனர். இது கண்டு பிரான்சு நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இசைவு பெறுமுன்பே குக்கீ இட்டதற்காக 2020 டிசம்பரில் கூகுளுக்கு 10 கோடி யூரோவும், அமேசானுக்கு 3.5 கோடி யூரோவும் தண்டம் விதித்தது. ஏற்பதைப்போல் மறுப்பதையும் எளிதாக்காத குற்றத்துக்காக ஓராண்டு கழித்துக் கூகுளுக்கு 15 கோடியும், பேஸ்புக்குக்கு 6 கோடியும் விதித்தது.

உலாவி செய்பவர்களும் வாளாவிருக்கவில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி தொடக்கத்திலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கீகளைப் பெரிதும் தடுத்து வந்தது. 2020 மார்ச் முதல் முற்றிலும் தடுத்தது. அத்தடையைச் சூழ்ச்சியாகத் தாண்டிய குற்றச்சாட்டின் பேரில் கூகுள் 2012-இல் 2 கோடியே 25 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2019 முதல், பின்தொடரும் குக்கீகளைத் தானாகவே தடுக்கலாயிற்று. மிகுதியானோர் பயன்படுத்தும் குரோம் உலாவியின் கதைதான் விந்தையானது. இரண்டாண்டுக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீயை ஒழிப்போம் என்று 2020 சனவரியில் கூகுள் அறிவித்தது. பின் அத்தவணை ஒருமுறையன்று, பன்முறை தள்ளிப்போயிற்று. 2024 சூலையில் ஒழிக்கும் எண்ணமே கைவிடப்பட்டது. உலாவியைச் செய்பவரும் விளம்பரத்தால் வாழ்பவரும் ஒருவரேயானால், தவணைகள் நீள்வதில் வியப்பில்லை.

குக்கீ ஒழிந்தால் மட்டும் பின்தொடர்வது ஒழிந்துவிடுமா? மான்டூலியின் வாதத்தில் உண்மை உண்டு என்றோமே, அது இங்கே விளங்கும். ஒரு கணினியின் திரை அளவு, அதிலுள்ள எழுத்துருக்கள், உலாவியின் பதிப்பு, நேர மண்டிலம் ஆகிய சிறு விவரங்களைச் சேர்த்துப் பார்த்தே அதை அடையாளம் காண முடியும். இதற்கு உலாவியின் கைரேகை என்று பெயர். அமெரிக்காவின் மின்னணு எல்லை அறக்கட்டளை 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த உலாவிகளில் 100-க்கு 83.6 பங்கு தனித்து அடையாளம் காணத்தக்கவையாக இருந்தன. குக்கீயையாவது அழிக்கலாம், கைரேகையை எப்படி அழிப்பது? ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி குக்கீ என்ற கருவியைப் பற்றியதன்று. ஒருவரைப் பின்தொடர மற்றவருக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி நம் நாட்டுக்குப் புதியதன்று. இணையம் நம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். அதற்கு ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1962 டிசம்பரில், உச்ச நீதிமன்றம் கரக் சிங் என்பவரின் வழக்கில் இதை ஆராய்ந்தது. கொள்ளை வழக்கொன்றில் சான்றில்லாமல் விடுவிக்கப்பட்ட அவரை உத்தரப் பிரதேசக் காவல் துறையினர் தொடர்ந்து கண்காணித்து வந்தனர். நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டி விசாரித்தனர். இரவில் வீடு புகுவது செல்லாதென்ற நீதிமன்றம், அவர் நடமாட்டத்தைக் கண்காணிப்பதில் பிழையில்லை என்று பெரும்பான்மையால் கூறியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையன்று என்றும் கருதியது. நீதிபதி சுப்பா ராவ், நீதிபதி ஷா ஆகிய இருவரும் இதற்கு உடன்படவில்லை. காவலரின் கண் இடையறாது தன்மேல் இருக்கும்போது, கால்கள் கட்டப்படாதிருப்பதால் மட்டும் ஒருவன் சுதந்திரமாக நடமாடுகிறான் என்று சொல்ல முடியாது. நாடு முழுவதுமே அவனுக்குச் சிறையாகிவிடும் என்ற கருத்தைச் சுப்பா ராவ் தம் தீர்ப்பில் வற்புறுத்தினார்.

சிறுபான்மையாக ஒலித்த அக்குரல் பின்னர் நாட்டின் சட்டமாயிற்று. 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக, அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாகப் பல வரைவுகளுக்குப் பின் 2023-ஆம் ஆண்டில் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும்படி வகுக்கப்பட்டன. இச்சட்டத்தில் குக்கீ என்ற சொல் எங்கும் இல்லை. ஆயினும், ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவாயினும் அது தனிநபர் தரவே என்பதால், குக்கீயின் வழியே திரட்டப்படுவதும் இதற்குள் அடங்கக்கூடும். இசைவு என்பது தடையின்றியும், குறித்த நோக்கத்துக்காகவும், விவரம் அறிந்தும், நிபந்தனையின்றியும், ஐயத்துக்கு இடமின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுவதும் கொடுத்தது போலவே எளிதாயிருக்க வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவரைப் பின்தொடர்வதும், அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் பொதுவாக விலக்கப்பட்டுள்ளன.

இவற்றினும் நம் கவனத்துக்குரிய ஒரு பிரிவு உண்டு. இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தரவேண்டும் என்பது அது. அவ்வட்டவணையில் உள்ள 22 மொழிகளில் தமிழும் ஒன்று. விவரம் அறியாத இசைவு இசைவாகாது என்றால், மொழி விளங்காத அறிவிப்பும் அறிவிப்பாகாது என்பது அதன் உட்கிடை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இங்கே பெரும் பொறுப்பு காத்திருக்கிறது. ஆங்கில அறிவிப்புகளில் அடிக்கடி காணப்படும் தொடர் ஒன்றைச் சான்றாகக் கூறலாம். 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தக் குக்கீ இடுகிறோம்' என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பிழையில்லை. ஆனால் தமிழில் அனுபவம் என்பதற்கு மற்றொரு பொருளும் உண்டு. நிலப் பத்திரங்களில் 'இன்னார் அனுபவத்தில் உள்ள நிலம்' என்று எழுதுவார்கள். பலனை அடைபவர் யாரோ அவருடையது அனுபவம். அப்பொருளில் பார்த்தால், நம்மைப் பற்றிய விவரம் யாருடைய அனுபவத்தில் இருக்கிறது? விளம்பரக்காரர் அனுபவத்தில் இருக்கிறது. ஆகவே நேர்மையான தமிழறிவிப்பு, 'நீங்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்க்கிறீர்கள் என்பதைக் குறித்து, இன்னின்ன நிறுவனங்களுக்குத் தருவோம். அவை உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டும்' என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூலத்தின் மூடுதிரையைத் தமிழிலும் நெய்து தருவது மொழிபெயர்ப்பாளரின் கடமையன்று. சட்டமும் தெளிந்த எளிய மொழியையே வேண்டுகிறது.

நேயர்கள் தம் அளவில் செய்யத்தக்கவை சிலவும் உண்டு. பெரும்பாலான உலாவிகளின் அமைப்புப் பகுதியில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கும் வழி இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் கடையும் வங்கியும் பெரும்பாலும் முன்போலவே இயங்கும். சேர்ந்துபோன குக்கீகளை அவ்வப்போது அழித்துவிடலாம். மீண்டும் கடவுச்சொல் கொடுத்து நுழைய வேண்டியிருக்கும் என்பதே அதனால் வரும் தொல்லை. தனிச்சாளரத்தில் படித்தால், மூடியவுடன் குக்கீகள் மறையும். ஆனால் சென்ற தளத்தின் கண்ணுக்கோ, இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் கண்ணுக்கோ நாம் மறைந்துவிடுவதில்லை. பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டே எழ வேண்டும். அறிவிப்புப் பலகை வரும்போது, ஒளிரும் விசையை விட்டு, அதனருகே மங்கலாக உள்ள மற்றொன்றையும் ஒரு கணம் படித்துப் பார்ப்பது நலம்.

ஆயினும் தனிமனிதரின் விழிப்பு ஓரளவுக்கே துணைபுரியும். 1997-இல் வல்லுநர்கள் எழுதிய நல்ல விதியை இரண்டு நிறுவனங்கள் புறக்கணித்ததால், கோடானுகோடிப் பேருக்குக் கண்காணிப்பே இயல்பான நிலையாயிற்று. கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அதைச் சட்டங்களாலும் தண்டங்களாலும் மெல்ல மெல்லத் திருத்த வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் சட்டம் புதிது. விதிகள் அதனினும் புதியவை. தொடக்கத்தில் எந்த ஏற்பாடு நிலைபெறுகிறதோ அதுவே நெடுங்காலம் நிற்கும் என்பதைக் குக்கீயின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. ஆதலின், ஏற்கிறேன் என்ற சொல்லைத் தமிழர் ஒருவர் அழுத்தும்போது, தாம் எதை ஏற்கிறோம் என்பது அவருக்குத் தம் மொழியிலேயே விளங்கும் நிலையை இத்தொடக்கக் காலத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும்.